அசைவைத் தொடரும் கண்ணும் அதனை அளக்கும் கோலும்

முன்னுரை

மனிதன் நடக்கின்றான், ஓடுகின்றான், குனிந்து நிமிர்கின்றான், கைவீசிப் பேசுகின்றான். இவற்றைக் காணும் நமக்கு, அவ்வசைவுகளைத் தொடர்ந்தறிதல் ஒரு தொழிலாகவே தோன்றுவதில்லை. கூட்டத்தினூடே செல்லும் நண்பன் ஒரு தூணின் பின்னே மறைந்து மீண்டும் வெளிப்படினும், முன்பு கண்டவனே இவன் என்று நம் கண் ஐயமின்றித் துணிகின்றது. இத்துணை எளிய செயலைக் கணினிக்குக் கற்பிக்கப் புகுந்த அறிஞர், கற்பித்தல் அரிது என்பதை முதலிற் கண்டனர்; கற்றதா இல்லையா என்று சோதித்தறிதல் அதனினும் அரிது என்பதைப் பின்னர்க் கண்டனர். வீடியோ என வழங்கும் சலனப்படத்தில் மனித அசைவைத் தொடர்ந்தறியும் முறைகளை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் இப்பிற்கூறிய பொருளே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்டது.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதனில் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். ஓர் ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர் செய்த பிழைகளைப் பிரித்தறிந்து, எப்படி நல்ல படி, எப்படி தீய படி என்று துணிவது நம் துறையின் பழந்தொழில் அன்றோ? அதற்கு வேண்டிய நடுவுநிலையும் நுண்மையுமே இதற்கும் வேண்டப்படுகின்றன. ஆதலின் பொருள் புதிதாயினும், நெறி நமக்குப் புதிதன்று.

1. வரலாறு

அசைவைப் படத்திற் பிடித்து ஆராயும் முயற்சி சலனப்படத்தினும் முற்பட்டது. 1878-ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பாலோ ஆல்டோ என்னுமிடத்தில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, பாய்ந்தோடும் குதிரையைப் படம் எடுத்தார். குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருங்கே நிலத்தை விட்டு நீங்கும் கணம் உண்டு என்பது அதனால் வெளிப்பட்டது. கண்ணால் தீர்க்கவொண்ணாத வழக்கைப் படம் தீர்த்தது என்க. அவரே பின்னர் மனிதரின் அசைவுகளையும் படமெடுத்து, 1887-ஆம் ஆண்டில் 781 தகடுகள் கொண்ட பெருந்தொகுதியாக வெளியிட்டார்.

பிரான்சு தேசத்து உடலியல் அறிஞராகிய மரே என்பார் 1882-ஆம் ஆண்டில் துப்பாக்கி வடிவினதாய், ஒரு நொடிக்கு 12 படம் எடுக்கும் கருவி ஒன்றை அமைத்தார். பின்னர் அவர் ஒருவனுக்குக் கரிய உடை உடுத்தி, கைகால்களின் நெடுகிலும் வெண்கோடுகள் இட்டு, கரிய சுவரின்முன் நடக்கச் செய்து, ஒரே தகட்டிற் பலமுறை படம் பதித்தார். உடல் மறைந்தது, கோடுகளின் இயக்கம் மாத்திரம் எஞ்சியது. ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் பிரௌன், ஃபிஷர் என்னும் இருவர், நடப்பவன் உடலில் ஒளிவிடும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, பல திசைகளினின்றும் படமெடுத்து, மனித நடையை நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளிலும் கணித்து 1895-ஆம் ஆண்டு முதலாக வெளியிட்டனர்.

இவற்றினின்றும் ஓர் உண்மை புலனாகின்றது. அசைவை அறிய உடல் முழுதும் வேண்டுவதில்லை, மூட்டுகள் போதும். சுவீடன் தேசத்து உளநூல் அறிஞராகிய யோஹான்ஸன் இதனை 1973-ஆம் ஆண்டு தெளிவாக நாட்டினார். இருளில் நடப்பவன் மூட்டுகளிற் பத்துப் பன்னிரண்டு ஒளிப்புள்ளிகள் மாத்திரம் தெரியினும், அவை அசையத் தொடங்கிய அளவில் காண்போர் ‘இவன் மனிதன், நடக்கின்றான்’ என உணர்ந்துவிடுகின்றனர் என்பது அவர் கண்டது. இற்றைக் கணினி முறைகளும் மனிதனைப் பெரும்பாலும் இத்தகைய மூட்டுப் புள்ளிகளாகவே கொள்கின்றன.

2. முறைகளின் வகை

தொடர்ந்தறிதல் இருதிறப்படும். உறுப்பைத் தொடர்தல் ஒன்று. ஆளைத் தொடர்தல் மற்றொன்று. முழங்கால் எங்கே, மணிக்கட்டு எங்கே என்று நிலைப்படந்தோறும் குறிப்பது முன்னையது. முன் படத்தில் இடப்பக்கம் நின்றவனே இப்படத்தில் வலப்பக்கம் நிற்பவன் என்று இணைப்பது பின்னையது.

உறுப்பறியும் முறைகள் 2014-ஆம் ஆண்டிற்குப்பின் பெரிதும் மாறின. அவ்வாண்டில் வெளிவந்த டீப்போஸ் என்னும் முறை, ஆழ்ந்த நரம்புவலை கொண்டு மூட்டுகளின் இடத்தை நேரே கணித்தது. பலர் கூடிய படத்தில் இரண்டு வழிகள் உண்டு. முதலில் ஆளைக் கண்டு, பின்பு அவனவன் உறுப்புகளைத் தேடுவது ஒரு வழி. இதில் ஆள் மிகுந்தால் உழைப்பும் மிகும். முதலில் படத்திலுள்ள எல்லா மூட்டுகளையும் கண்டு, பின்பு இன்னது இன்னாருடையது எனச் சேர்ப்பது மற்றொரு வழி. 2017-ஆம் ஆண்டு வெளிவந்த ஓப்பன்போஸ் என்பது பின்னைய வழியைச் சார்ந்தது. வழிகள் வேறாதலின் அவற்றின் பிழைகளும் வேறாகும். முன்னைய வழி ஆளைக் காணத் தவறின் அவன் உறுப்பனைத்தையும் இழக்கும். பின்னைய வழி ஒருவன் கையை மற்றவன் தோளோடு சேர்த்துவிடுதலும் கூடும்.

3. மெய்யளவு

ஒன்றைப் பிழை என்று சொல்வதற்கு முன் சரி எது என்று தெரிதல் வேண்டும். சோதனைக்கு அடிப்படையாகக் கொள்ளும் அச்சரியான அளவை மெய்யளவு என வழங்குவோம். இதனைப் பெறுவதற்குப் பல வழிகள் உள.

ஆய்வுக்கூடத்தில் ஒருவன் உடலில் ஒளியை மீள வீசும் சிறு மணிகளை ஒட்டி, சிறப்புக் காமிராக்களால் அம்மணிகளின் இடத்தை நுட்பமாக அளந்து, அதே வேளையில் சாதாரணச் சலனப்படமும் எடுப்பது ஒரு வழி. 2006-ஆம் ஆண்டு தோன்றிய ஹியூமன்ஈவா என்னும் சோதனைத்தொகுதி இவ்வாறு அமைந்தது. 2014-ஆம் ஆண்டில் விரிவாக வெளிவந்த ஹியூமன் 3.6 எம் என்பது 11 நடிகரைக் கொண்டு 4 காமிராக்களால் எடுக்கப்பட்டு, 36 லட்சம் நிலைகளைத் தன்னகத்தே கொண்டது. ஆய்வுக்கூடத்திற்கு வெளியே, உடலிற் கட்டிய அசைவுணர் கருவிகளின் துணைகொண்டு அளந்த 3 டி.பி.டபிள்யூ. என்னும் தொகுதி 2018-ஆம் ஆண்டு வந்தது. மனிதரையே அமர்த்திப் படத்தில் மூட்டுகளைக் குறிக்கச் செய்வது மற்றுமொரு வழியாம்.

இவற்றுள் எதுவும் குற்றமற்றதன்று. ஒட்டிய மணி தோலோடு நகரும். உள்ளிருக்கும் எலும்போ அவ்வாறு நகராது. மனிதர் குறித்தலோ ஆளுக்கு ஆள் வேறுபடும். கோகோ என்னும் புகழ்பெற்ற தொகுதியில் ஒரே படத்தைப் பலர் குறித்தபோது, கண்ணின் இடத்தில் அவர்கள் பெரிதும் ஒத்தனர். இடுப்பின் இடத்திலோ நான்கு மடங்கிற்கும் மேலாக வேறுபட்டனர். ஆடையுள் மறைந்த இடுப்புமூட்டின் இடத்தை யார் துணியவல்லார்? ஆதலின் அத்தொகுதியின் அளவுகோல் கண்ணிற்குக் கடுமையும் இடுப்பிற்குத் தளர்ச்சியும் காட்டுகின்றது. இது பாரபட்சம் அன்று, நீதியே. அறியக்கூடிய அளவிற்கேற்பவே பிழையைத் தண்டிக்க வேண்டும்.

4. உறுப்பைத் தொடர்தலில் பிழையளவு

உறுப்பறியும் முறையை அளக்க இரண்டு கோல்கள் பெருவழக்குடையன. மூட்டுதோறும் கணித்த இடத்திற்கும் மெய்யிடத்திற்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து சராசரி காண்பது முதலாவது. குறித்த எல்லைக்குள் அமைந்த மூட்டுகள் நூற்றுக்கு எத்தனை என எண்ணுவது இரண்டாவது. 2014-ஆம் ஆண்டின் எம்.பி.ஐ.ஐ. தொகுதியில் அவ்வெல்லை தலையின் அளவிற் பாதி. தலையளவு 20 சென்டிமீட்டராயின் 10 சென்டிமீட்டர் வரை பிழை பொறுக்கப்படும். ஆள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் தலையும் உடன் பெருகிச் சுருங்குதலின், இக்கோல் படத்தின் அளவால் மயங்குவதில்லை.

சராசரி என்பது பயனுடையது. ஆயினும் மறைக்க வல்லது. ஓர் உதாரணம் காண்போம். 15 மூட்டுகளை அறியும் இரண்டு முறைகள் உள்ளன எனக் கொள்க. முதல் முறை ஒவ்வொரு மூட்டிலும் 40 மில்லிமீட்டர் பிழைக்கின்றது. இரண்டாம் முறை 14 மூட்டுகளில் 10 மில்லிமீட்டரே பிழைத்து, எஞ்சிய ஒரு மணிக்கட்டில் 460 மில்லிமீட்டர் பிழைக்கின்றது. இரண்டாவதன் மொத்தப் பிழை 140-உம் 460-உம் சேர்ந்து 600. அதனை 15-ஆல் வகுக்கச் சராசரி 40. முதலாவதன் சராசரியும் 40. கோல் இரண்டும் சமம் என்கின்றது. ஆயின் ஒன்று மங்கலாய்க் கண்ட கண். மற்றொன்று கூர்மையாய்க் கண்டும் ஒரு கையை முற்றும் தவறவிட்ட கண். இவை எங்ஙனம் சமமாகும்?

காலத்தோடு பொருத்திப் பார்க்குமிடத்துச் சராசரியின் குறை இன்னும் மிகுதியாய் விளங்கும். ஒருவன் கையை அசைக்காது நிற்கின்றான். கணினியோ அவன் கையை ஒரு படத்தில் 20 மில்லிமீட்டர் இடப்புறமும், அடுத்ததில் 20 மில்லிமீட்டர் வலப்புறமுமாக மாறி மாறிக் குறிக்கின்றது. சராசரிப் பிழை 20 மில்லிமீட்டரே. இது மிகச் சிறந்த மதிப்பெண். ஆனால் படந்தோறும் கை 40 மில்லிமீட்டர் தாவுதலின், நொடிக்கு 50 படமாயின், நிற்கும் கை நொடிக்கு 2 மீட்டர் விரைவில் அசைவதாகக் கணக்கு வரும். அது சாதாரண மனித நடையினும் விரைவாம். அசைவை அறியப் புகுந்த முறை இல்லாத அசைவைப் படைத்துவிட்டது. ஆதலின் இடப்பிழையோடு விரைவுப் பிழையையும், விரைவு மாறும் பிழையையும் தனித்தனியே அளத்தல் இன்றியமையாதது.

மற்றொரு நுட்பமும் உண்டு. அளப்பதற்கு முன்னரே, கணித்த உருவை நகர்த்தியும் திருப்பியும் சுருக்கியும் மெய்யுருவோடு இயன்றவரை பொருத்திக்கொண்டு, எஞ்சிய பிழையை மாத்திரம் எண்ணும் வழக்கம் இருக்கின்றது. உறுப்புகள் ஒன்றோடொன்று கொண்ட நிலையை அறிவதற்கு இது தக்கதே. ஆனால் நேரே நிற்பவனை முன்சாய்ந்து நிற்பவனாகக் கணித்த பிழை அப்பொருத்தத்தில் மறைந்தொழியும். தளர்ந்த முதியவர் விழப்போகின்றாரா என அறிய வேண்டுவோர்க்கு, மறைந்தொழிந்த அச்சாய்வே அறியவேண்டிய பொருள்.

எவ்வளவு பிழை சிறிது என்பதும் பயனைப் பொறுத்ததே. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே 400 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். கணுக்காலின் இடம் குறுக்கே 40 மில்லிமீட்டர் பிழைத்தால், முழங்கால் மடியும் கோணம் ஏறக்குறைய 6 பாகை பிழைக்கும். விளையாட்டுப் படத்திற்கு இது ஒரு பொருட்டன்று. அறுவைக்குப்பின் முழங்கால் எவ்வளவு மடிகின்றது என நோக்கும் மருத்துவர்க்கோ பெரிது.

5. ஆளைத் தொடர்தலில் பிழையளவு

ஏட்டைப் படியெடுப்போர் செய்யும் பிழைகள் மூன்று: உள்ளதை விடுதல், இல்லாததைச் சேர்த்தல், ஒன்றை மற்றொன்றாக மாற்றுதல். ஆளைத் தொடரும் கணினி செய்யும் பிழைகளும் இம்மூன்றே. நிற்பவனைக் காணாது விடுதல். நிழலையோ மரத்தையோ ஆளெனக் கொள்ளுதல். ஒருவன் பெயரை மற்றவனுக்கு இடும் ஆள்மாறாட்டம். 2008-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட மோட்டா என்னும் கோல் இம்மூன்றையும் கூட்டி, மெய்யான தோற்றங்களின் தொகையால் வகுத்து, ஒன்றிற் கழித்து மதிப்பெண் தருகின்றது. எளிய கோல், ஆதலின் நெடுங்காலம் ஆட்சி செய்தது.

இதன் இயல்பை ஒரு கணக்கால் அறிவோம். இருவர் நடக்கும் சலனப்படத்தில் 100 நிலைப்படங்கள் உள. ஆகவே மெய்த்தோற்றங்கள் 200. முதல் முறை இருவரையும் எல்லாப் படங்களிலும் காண்கின்றது. ஆனால் நடுவே அவர்கள் ஒருவரையொருவர் கடக்குங்கால் பெயர்களை மாற்றிவிட்டு, இறுதிவரை அவ்வாறே செல்கின்றது. ஆள்மாறாட்டம் 2, வேறு பிழை இல்லை. மோட்டா நூற்றுக்கு 99. இரண்டாம் முறை ஒருபோதும் பெயரை மாற்றுவதில்லை. ஆனால் ஒவ்வொருவரையும் 10 படங்களிற் காணாது விடுகின்றது. விடுபட்டவை 20, மோட்டா நூற்றுக்கு 90. கோலின் தீர்ப்பு முதல் முறையே சிறந்தது என்பதாம்.

இனி, 2016-ஆம் ஆண்டு தோன்றிய ஐ.டி.எஃப். 1 என்னும் கோலால் அளப்போம். இது ஒவ்வொரு மெய்யாளுக்கும் ஒரே தொடரை முழுமைக்கும் இணையாக்கி, எத்துணை இடத்திற் பொருந்துகின்றது எனக் காண்பது. முதல் முறையில் 200-இல் 100 இடமே பொருந்துதலின் மதிப்பு 50. இரண்டாம் முறையில் 180 இடம் பொருந்த, மதிப்பு ஏறக்குறைய 95. தீர்ப்புத் தலைகீழாயிற்று! 2020-ஆம் ஆண்டு வெளிவந்த ஹோட்டா என்பது காண்டலையும் இணைத்தலையும் தனித்தனி மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்கின்றது. இடம் குறித்தலிற் பிழையில்லை எனக் கொண்டால், முதல் முறைக்கு ஏறக்குறைய 58-உம் இரண்டாவதற்கு 90-உம் வரும். அதனினும் மேலாக, காண்டல், இணைத்தல் என்னும் இரண்டு எண்களையும் அது வெளிப்படையாக வைத்தலின், குற்றம் எங்குள்ளது என நாமே அறியலாகும்.

ஆயின் மோட்டா பொய்க்கோலா? அன்று. மண்டபத்தில் எத்தனைபேர் உளர் என எண்ணுதற்கு, யார் எவர் என்பது வேண்டுவதில்லை. அதற்கு முதல் முறையே ஏற்றது. ஒருவன் சென்ற வழியை அறிதற்கோ இரண்டாவதே வேண்டும். ஒன்றற்கு அமைந்த கோலை மற்றொன்றற்கு எடுத்தவர்மேலதே குற்றம்.

6. சோதனைத்தொகுதியும் மனிதரும்

கோல் நேராயினும், எதனை அளந்தோம் என்பதும் நோக்கற்பாலது. ஹியூமன் 3.6 எம் தொகுதியில் வழக்கமாக 5 பேரின் படங்களாற் பயிற்றி, வேறு 2 பேரின் படங்களாற் சோதிப்பர். ஓர் அறை, நிலைத்த நான்கு காமிரா, இரண்டு மனிதர்! இவர்கள்மேற் பெற்ற வெற்றி, நெல்வயலிற் குனிந்து நாற்று நடுவார்மேலும், சேலையுடுத்து நடப்பார்மேலும், ஊன்றுகோலொடு செல்வார்மேலும் செல்லும் என்று எங்ஙனம் துணிவது? ஒரே வினாத்தாளை ஆண்டுதோறும் எழுதித் தேறுபவனைப் புலவன் என்பதில்லையே. 2015-ஆம் ஆண்டு முதல் மாட்சேலஞ்ச் என்னும் போட்டியை நடத்துவோர், 22 படத்தொடர்களிற் பாதியின் விடைகளைத் தம்மிடமே மறைத்துவைத்துச் சோதித்தது இதனாலே.

கல்லூரி மாணவராகிய நாம் சிறப்பாக நினைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மேலே கூறிய ஐ.டி.எஃப். 1 என்னும் நேர்மையான கோல், அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை வளாகத்தில் எடுத்த ஒரு தொகுதியோடு உடன் வெளிவந்தது. 8 காமிராக்கள், 85 நிமிடம், 2,700-க்கு மேற்பட்ட மனிதர். வகுப்பிற்கும் விடுதிக்குமாக நடந்துசென்ற மாணவர் பலர், தாம் உலகத்து ஆராய்ச்சிக்கெல்லாம் பொருளாயினமை அறியார். திறந்தவெளியிற் படமெடுத்ததும், யாவரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டதும், சர்வகலாசாலையின் ஒழுங்குக்குழு இசைந்த முறைக்கு மாறானவை எனப் பின்னர்த் தெரிந்தது. 2019-ஆம் ஆண்டு அத்தொகுதி திரும்பப் பெறப்பட்டது. பிழையளவைத் துல்லியமாகக் காணும் கோல் ஒருபுறம். அளக்கப்பட்டவரைக் கேளாமை மற்றொருபுறம். மனிதரது இசைவு எந்த மதிப்பெண்ணிலும் ஓர் உறுப்பாக எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாதது இல்லாதது ஆகிவிடாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன யாவை? ஒரு முறை நூற்றுக்கு 99 பெற்றது என்று கேட்டால், நாம் வினவவேண்டுவன ஐந்து உள. மெய்யளவு எவ்வாறு பெறப்பட்டது? அளந்த கோல் யாது, அஃது எப்பிழையை மறைக்கும்? இடத்தை மாத்திரம் அளந்தனரா, காலத்தில் நிகழும் அசைவையும் அளந்தனரா? யாரை வைத்துச் சோதித்தனர், நாம் பயன்படுத்தப்போவது யார்மேல்? அவர்கள் இசைந்தனரா? இவ்வைந்திற்கும் விடையின்றி வரும் எண், உரையில்லாத நூற்பா போல்வது. பொருள் உண்டெனினும் பயன்கொள்ளலாகாது.

தவறான படியால் ஒரு செய்யுள் கெடும். தவறான தொடர்ச்சியால் ஒரு மனிதன் கெடுவான். செய்யாத செயலுக்கு ஆள்மாறாட்டத்தால் ஒருவன் பொறுப்பாக்கப்படுதலும், நலமுற்ற முழங்கால் நோயுற்றதாக எழுதப்படுதலும் எண்ணிப்பார்க்கத்தக்கன. ஆதலின் கருவி செய்வோர்க்கு எத்துணைத் திறன் வேண்டுமோ, அத்துணைத் திறன் அதனைச் சோதிப்போர்க்கும், அச்சோதனையைப் படித்தறியும் நமக்கும் வேண்டும். விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் கருவியைச் செய்க. மொழி பயிலும் நாம், ஒரு சொல்லையும் ஆராயாது ஏற்கலாகாது என்று கற்றபடியே, ஓர் எண்ணையும் ஆராயாது ஏற்காதிருப்போமாக.